மைக் பிடித்த கை

"டேய், வை அதைக் கீழே!"

போன மாதம் ஒஸ்லோவில் எங்கட ஆக்களின் ஒரு கலைவிழாவில் நான் போட்ட சத்தம் இது. மேடையில் சலங்கை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நடன ரீச்சர் திரும்பிப் பார்த்தா. வாசலில் வடை விற்றுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி வீட்டுக்கு வரும்வரை கதைக்கவில்லை. அது வேறு கதை.

நடந்தது இதுதான். விழா தொடங்க அரை மணித்தியாலம் இருந்தது. நடனத்துக்கான பாட்டு லப்ரொப்பில். அதிலிருந்து ஒரு வயர் மிக்சருக்குப் போகிறது. செருகியதும் மண்டபம் முழுக்க "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல், கோயிலில் வண்டு சுற்றுகிற மாதிரி. ஒலிக்குப் பொறுப்பாக நின்ற தம்பி இங்கேயே பிறந்து வளர்ந்த கெட்டிக்காரன். அவன் மிக்சரின் பிளக்கைக் கழற்றி எடுத்து, அதன் இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஏர்த் தகட்டின் மேல் கறுப்பு ரேப்பைச் சுற்றத் தொடங்கினான். ஏர்த்தை வெட்டிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று அவனுக்கு ஆரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், நிற்கும். அதுதான் அதில் உள்ள மோசம்.

"ஏன் அங்கிள், எல்லாரும் செய்யிறதுதானே?" என்று கேட்டான். அந்த நேரத்தில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதில் ஒரு வரியில் இல்லை. அது 1985 ஆடி மாதத்தில் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தின் முற்றத்தில் கிடக்கிறது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. திம்புவில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலம், யுத்தநிறுத்தம். சனம் கொஞ்சம் மூச்சு விட்டது. மூச்சு விட்டால் எங்கட ஊரில் முதலில் செய்கிற வேலை டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் போடுவது. ஒரு இரவில் மூன்று படம். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ஜெனரேற்றரும் சேர்த்து எடுப்பார்கள். நிலையத்துக் கட்டடத்துக்குக் கரண்ட் இல்லை.

ஒரு இருபது அங்குல ரீவியை இருநூறு பேர் பார்த்தால் பின்னால் இருப்பவைக்கு என்ன கேட்கும்? அதனால் நிலையத்தின் அம்பிளிபயரை எடுத்து வைப்போம். அது கார் பற்றரியில் ஓடுகிறது. கூம்பு லவுட்ஸ்பீக்கர் வேப்பமரத்தில். மைக்கை ரீவியின் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு கதிரையில் வைத்துவிடுவோம். வசனம் கேட்கும். அதோடு குழந்தைகள் அழுவதும், சில்வண்டும், ஆரோ செருமுவதும் சேர்ந்து கேட்கும்.

எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. சந்தியில் இருந்த றேடியோக் கடையில் பள்ளிக்கூடம் விட்டபிறகு போய் நிற்கிறவன் நான். ஈயம் வைக்கப் பழகியிருந்தேன். ரீவியைத் திறந்து, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு வலைக்கம்பி வயரை ஒட்டி, மற்ற முனையை அம்பிளிபயரில் செருகினேன். உள்கம்பிக்கு ஒரு ரெசிஸ்ரர் போட்டேன், சத்தம் வெடிக்காமல் இருக்க. வெளிவலைக்கு ஒன்றும் போடவில்லை. அது வெறும் ஏர்த் தானே என்று நினைத்தேன்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். தியேட்டர் மாதிரி. மைக் இப்போது சும்மா இருந்தது, அறிவித்தல் சொல்லுவதற்கு மட்டும். இரண்டு மூன்று தடவை அதே வயரோடு படம் போட்டோம். ஒரு பிரச்சினையும் இல்லை. பெரியவர்கள் என்னை "எஞ்சினியர்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

நாலாவது தடவை ஜெனரேற்றர் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி வீட்டில் கரண்ட் இருந்தது. வேலியால் வயர் இழுத்தோம். மற்றதெல்லாம் அதேதான். அதே ரீவி, அதே வயர், அதே மைக். புழுதி அடங்க முற்றத்துக்குத் தண்ணி தெளித்திருந்தார்கள்.

முதல் படம் முடிந்தது. என் பெரியம்மாவின் மகன் சின்னண்ணை, அறிவித்தல் சொல்ல அவரைவிட்டால் ஊரில் ஆளில்லை, வெறுங்காலோடு வந்து மைக்கைக் கையில் எடுத்தார்.

"அன்பான..." என்றதோடு நின்றது.

கத்தவில்லை. கை மைக்கை இறுக்கிப் பிடித்தபடி, உடம்பு வில்லாக வளைந்து, கண் எங்களைப் பார்த்தபடி நின்றார். சனம் முதலில் சிரித்தது, பகிடி விடுகிறார் என்று. எத்தனை விநாடியோ தெரியாது. மாமிதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்து விழுத்தினா. அவ ஏன் அப்படிச் செய்தா, எப்படி விளங்கியது என்று பிறகு கேட்டபோது, "அவன்ரை கண்ணைப் பாத்தனான்" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சின்னண்ணை பிழைத்தார். உள்ளங்கை கருகி, புண் ஆற மாதங்கள் எடுத்தது. வலக்கையின் மோதிர விரலும் சின்ன விரலும் இன்றைக்கும் நிமிராது.

மைக் பழுது என்று ஊர் சொன்னது. மைக்கைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, "மைக்கிலை ஒண்டும் இல்லையே. ரீவிக்குள்ளை ஆர் கை வைச்சது?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஈயக்கோலைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவரும் திருப்பிக் கேட்கவில்லை. அன்று இரவு வயரைக் கழற்றிக் கிணற்றடிக்குப் பின்னால் புதைத்தேன்.

ஜெனரேற்றரில் அடிக்காதது கரண்டில் ஏன் அடித்தது? இதுதான் எனக்கு வருசக்கணக்காக விளங்கவில்லை. 230 வோல்ட் இரண்டிலும் 230 வோல்ட்தானே?

1988 இல் நோர்வேக்கு வந்தேன். அந்தக் காலத்தில் வந்த பலரைப்போல மாணவனாக வந்து, பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். குளிரையும் இருட்டையும் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். மீன் வெட்டும் மண்டபத்தில் ஒரு மின்சாரத் தராசு இருந்தது. எடையை எழுபது மீற்றர் தள்ளியிருந்த அலுவலகக் கட்டடத்தின் கொம்பியூட்டருக்கு ஒரு வயரால் அனுப்பும். சில மாதங்களுக்கு ஒருக்கால் அந்தக் கொம்பியூட்டரில் வயர் செருகுகிற இடம் கருகிவிடும். புதுக் காட் போடுவார்கள், திரும்பக் கருகும்.

பராமரிப்பு வேலைக்கு இருந்த நோர்வேஜியக் கிழவர் ஒருநாள் மீற்றரோடு போனார். ஏணி பிடிக்க நான். கொம்பியூட்டர் பக்கத்து ஏர்த்துக்கும், தராசிலிருந்து வரும் வயரின் ஏர்த்துக்கும் இடையில் மீற்றரை வைத்தார். பூச்சியம் காட்டவேண்டிய இடத்தில் முள் ஆடியது. குளிரறையின் பெரிய கொம்பிரசர் ஓடத் தொடங்கும்போது துள்ளியது. இரண்டு கட்டடம், இரண்டு ஏர்த். இரண்டும் பூமிதான், ஆனால் ஒரே பூச்சியம் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வோல்ட் என்பது ஒரு புள்ளிக்குச் சொந்தமான அளவு இல்லை, இரண்டு புள்ளிகளின் வித்தியாசம். என் வீட்டுக் கிணற்றில் கட்டிலிருந்து இருபது முழத்தில் தண்ணி என்று நான் சொன்னால், அது என் கட்டிலிருந்து அளந்தது. உங்கள் வளவு ஒரு முழம் பள்ளமாக இருந்தால் என் இருபது உங்களுக்கு இருபது இல்லை. தராசு தன் கட்டிலிருந்து அளந்து ஐந்து வோல்ட் என்று சொல்லி அனுப்புகிறது. கொம்பியூட்டர் தன் கட்டிலிருந்து அளந்து வேறொன்றாக வாசிக்கிறது. இரண்டு கட்டையும் கம்பியால் இணைத்துவிட்டால் சரிதானே என்று நினைப்போம். அப்படி இணைத்த கம்பிக்குள்ளால்தான் இரண்டு கட்டடத்தின் வித்தியாசம் முழுவதும் ஓடியது. பென்சில் மொத்த வயர், அதற்குள்ளால் தொழிற்சாலையின் கோபம்.

கிழவர் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு சின்னப் பலகை போட்டார். அதில் ஆறு கால் வைத்த, அரிசிப்பொரி அளவுக் கறுப்புத் துண்டுகள். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, உள்ளே ஒரு பக்கம் ஒரு சின்ன விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கிற ஒரு கண் என்றார். இங்கே சிக்னல் வந்தால் விளக்கு எரியும். அங்கே கண் கண்டுகொள்ளும். நடுவில் கம்பியே இல்லை. வெளிச்சம் மட்டும்தான் கடக்கிறது. ஒப்ரோகப்ளர் என்று பெயர். இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட் நின்றாலும் தாங்கும். இன்று சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய பிசி 817 என்ற நாலுகால் துண்டுக்கே 5000 வோல்ட் போட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு அந்தக் கொம்பியூட்டர் கருகவில்லை. எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வேப்பமரமும் கதிரையும் மைக்கும்.

அந்தக் கால ரீவிகள் பலவற்றில் உள்ளே மெயின் ட்ரான்ஸ்போமர் கிடையாது. கரண்ட் நேரே டயோட்டுக்குப் போகிறது. அதனால் ரீவியின் உள்தகடு, நாங்கள் ஏர்த் என்று நினைக்கிற தகடு, உண்மையில் கரண்டோடு தொடுத்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் வெளியே முழுக்கப் பிளாஸ்ரிக்கும் மரமும், ஆரும் தொடாமல். நான் அதைத் திறந்து அந்தத் தகட்டை வலைக்கம்பி வழியாக வெளியே கொண்டுவந்தேன். வலை அம்பிளிபயரின் உடம்புக்கு, அதிலிருந்து மைக்கின் உடம்புக்கு. மைக் இரும்பு. பற்றரியில் ஓடுகிற அம்பிளிபயர் மரமேசையில் இருந்தது, ஆகவே ஒன்றும் வெடிக்கவில்லை, பியூஸ் போகவில்லை. ஐந்து அம்பியர் பியூஸ் ஐந்து அம்பியருக்குத்தான் போகும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே காணும்.

ஜெனரேற்றரில் ஏன் அடிக்கவில்லை? அது மண்ணோடு தொடுக்கப்படாத ஒன்று. கடலில் தோணி மாதிரித் தன்பாட்டில் நின்றது. சின்னண்ணை மைக்கைப் பிடித்தாலும் கரண்ட் அவர் காலால் மண்ணுக்கு இறங்கித் திரும்ப ஜெனரேற்றருக்குப் போக வழியில்லை. ஊர்க் கரண்ட் அப்படியில்லை. அதன் நியூட்ரல் ட்ரான்ஸ்போமரடியில் மண்ணுக்குள் இறக்கப்பட்டிருக்கிறது. மைக், கை, நனைந்த நிலம், மண், நியூட்ரல். வட்டம் முடிந்தது. நான் போட்ட வயர் முதல் நாளே பிழை. மூன்று இரவு அந்தப் பிழை சத்தமில்லாமல் இருந்தது.

இந்தத் தோணி விசயம் நோர்வேயில் இருப்பவைக்குத் தெரிந்திருக்கவேண்டும். இங்கே ஏராளமான பழைய வீடுகளுக்கு நியூட்ரல் என்று ஒன்று வருவதில்லை. வருகிற இரண்டும் உயிர்க்கம்பிதான். இரண்டுக்கும் இடையில் 230, ஒவ்வொன்றுக்கும் மண்ணுக்கும் இடையில் ஏறத்தாழ 130. பல கப்பல்களிலும் இப்படி மண் தொடாத ஏற்பாடுதான். ஒரு கம்பி எங்கேயாவது ஏர்த்தைத் தொட்டாலும் ஒன்றும் நடக்காது, லைற் எரியும், மெசின் ஓடும். இன்னொரு கம்பி இன்னொரு இடத்தில் தொடும்போதுதான் தெரியும். இங்கே கரண்ட் வேலை செய்யிற தம்பிமார் முதல் பிழையைத் தேடித்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

என்னை வாட்டியது வேறு ஒன்று. மைக்கை ரீவியின் முன்னால் கதிரையில் வைத்த எங்கட பழைய முறை இருக்கிறதே, அது ஒப்ரோகப்ளர்தான். விளக்குக்குப் பதில் ஸ்பீக்கர், கண்ணுக்குப் பதில் மைக், வெளிச்சத்துக்குப் பதில் காற்று. இரண்டு சுற்றுக்கும் இடையில் ஒரு கம்பியும் இல்லை. படிப்பறிவில்லாத முறை என்று நான் நக்கலடித்த முறை. குழந்தை அழுகிற சத்தம் சேர்ந்து வரும் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. நல்ல சத்தம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருந்தது. நான் நின்ற றேடியோக் கடையில் ஒரு பிஸ்கட் ரின் நிறையப் பழைய வால்வு றேடியோக்களின் அவுட்புட் ட்ரான்ஸ்போமர்கள் கிடந்தன. இரண்டு சுருள், நடுவில் இரும்பு, சுருளுக்குச் சுருள் தொடுப்பு இல்லை. பாட்டு காந்தமாகக் கடக்கும், கரண்ட் கடக்காது. ஒன்றை எடுத்து இடையில் வைத்திருந்தால் போதும். எடைக்கு விற்கக் கிடந்த சாமான்.

பின்னர் நானும் மாலை வகுப்புப் படித்து இதே துறைக்கு வந்தேன். முப்பது வருசமாக ஏதோ ஒரு வடிவத்தில் இதே வேலை. வயரின் ஏர்த்தை நம்பாமல் இரட்டைக் கம்பியின் வித்தியாசத்தை மட்டும் வாசிக்கிற ஆர்எஸ் 485. நீராவிக் குழாயின் அழுத்தத்தை நாலிலிருந்து இருபது மில்லி அம்பியர் கரண்டாக அனுப்புகிற முறை. அதில் பூச்சியத்துக்கு நாலு என்று வைத்தவன் கெட்டிக்காரன். நாலு வந்தால் அழுத்தம் இல்லை, ஒன்றுமே வராவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. ஊருக்கு ரெலிபோன் எடுத்துப் பதில் வராத வருசங்களைக் கண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

ஒப்ரோகப்ளருக்கும் வயது போகும். உள்ளே இருக்கிற விளக்கு வருசக்கணக்கில் எரிந்து எரிந்து மங்கும். ஒருநாள் கண்ணுக்கு எட்டாது. நல்லாயிருந்த மெசின் ஒரு திங்கட்கிழமை காரணமில்லாமல் நிற்கும். இளம் ஆக்கள் புரோகிராமைத் தேடுவார்கள். நான் இந்தக் கறுப்புத் துண்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் ரெலிபோன் சார்ஜருக்குள்ளேயும் இதே ஏற்பாடுதான். சுவர்ப் பக்கம் ஒன்று, உங்கள் கைப் பக்கம் ஒன்று. சக்தி ஒரு குட்டி ட்ரான்ஸ்போமரால் கடக்கிறது. போதும், குறை என்ற செய்தி பல சார்ஜர்களில் ஒப்ரோகப்ளர் வழியாகத் திரும்பிப் போகிறது. இரும்பு உடம்பு லப்ரொப்பை இரண்டுமுனைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தடவினால் விரலில் விறுவிறு என்று ஒன்று ஓடுமே, அது இரண்டு பக்கத்துக்கும் இடையில் வேண்டுமென்றே போட்ட ஒரு சின்னக் கொண்டென்சரால் கசிகிறது. நல்ல சார்ஜரில் அது ஆளுக்கு ஆபத்தில்லாத அளவு. சந்தையில் மலிவாக வாங்கிய போலிச் சார்ஜரில் அந்த இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும். பெயர் தெரியாத சார்ஜரை ஊருக்குக் கட்டுகிற பொதிக்குள் போடாதீர்கள். அதைச் செருகிப் படுக்கையில் வைத்துக்கொண்டு கதைப்பது உங்கட அம்மா.

திரும்ப மண்டபத்துக்கு வருகிறேன். தம்பியின் கையிலிருந்து பிளக்கை வாங்கி, ரேப்பை உரித்தேன். முதலில் லப்ரொப்பின் சார்ஜரைக் கழற்றச் சொன்னேன். பற்றரியில் ஓடியதும் இரைச்சல் நின்றது. அவனுக்கு ஆச்சரியம். லப்ரொப்புக்கு ஒரு சுவர், மிக்சருக்கு இன்னொரு சுவர், இரண்டு ஏர்த்துக்கும் இடையில் சின்ன வித்தியாசம், அது பாட்டு வயரின் வலையால் சுற்றி ஓடுகிறது. அதுதான் அந்த வண்டு. நிகழ்ச்சி நாலு மணித்தியாலம், பற்றரி காணாது. மண்டபத்து அலுமாரியைத் தேடினால் டிஐ பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே அதே இரண்டு சுருள் ட்ரான்ஸ்போமர். அதில் ஒரு சின்ன சுவிட்ச், வயரின் ஏர்த்தை மட்டும் துண்டிக்கும். பாட்டு வருகிற வயரில் வெட்டு, எத்தனை தரமும் வெட்டு. சுவருக்குப் போகிற பிளக்கில் கை வைக்காதே. அங்கே இருக்கிறது பாட்டுக்கான ஏர்த் இல்லை, மைக்கைப் பிடிக்கிற பிள்ளைக்கான ஏர்த். சார்ஜரைத் திரும்பச் செருகினோம். வண்டு வரவில்லை.

முதலாவது பாடியது எட்டு வயதுப் பிள்ளை. மைக்கைக் கையில் கொடுத்தபோது நான் மேடை ஓரத்தில் நின்றேன். அந்தப் பிள்ளையின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், தேவையில்லாமல்.

அன்று இரவு சின்னண்ணைக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். ஊரில்தான் இருக்கிறார். இடப்பெயர்வெல்லாம் கண்டு திரும்பிப் போய், அதே வளவில். பேரப்பிள்ளைகள், வாழை, முழங்கால் நோ எல்லாம் கதைத்து முடிய, நாற்பது வருசமாகச் சொல்லாததைச் சொன்னேன். ரீவியைத் திறந்தது நான். வயர் போட்டது நான். கடையில் பேசாமல் நின்றது நான்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் விட்டுப்போச்சோ என்று பார்த்தேன்.

"அது எனக்கு அப்பவே தெரியுமடா" என்றார். "கடைக்காரர் சொன்னவர். அம்மாட்டைச் சொல்லாதை, பெடியன் படிக்கிற பெடியன் எண்டும் சொன்னவர்."

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

"ஆனா எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. அதுக்கு முதல் ரெண்டு மூண்டு தரம் உதே மைக்கைப் பிடிச்சுத்தானே நான் கதைச்சனான். அப்ப ஏன் அடிக்கேல்லை?"

தோணியிலிருந்து தொடங்கி, மண், நியூட்ரல், நனைந்த முற்றம் எல்லாம் சொன்னேன். கால் மணித்தியாலம் எடுத்தது. ம்... ம்... என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. முழுக்க விளங்கேல்லை" என்றார். "அந்த ஜெனரேற்றர்க் கதையைத் திருப்பி ஒருக்காச் சொல்லு, பாப்பம்."